கேள்வி பதினான்கு

இரவு இரண்டே முக்காலுக்கு என் திரைக்கு வந்தது
எஃப்ராயின் ஓச்சோவாவின் காறையெலும்பு.
வயது முப்பத்து நான்கு. மெக்சிகோவில்
குவாதலஹாராவில் தரை ஓடு விற்கிறவர்.
விடுமுறைக்கு ஸ்பெயின் போய்
பாம்ப்லோனாவின் ஒரு தெருத் திருப்பத்தில்,
காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு
முறிந்து விழுந்தவர்.
முறித்தது காளையல்ல,
காளைக்குப் பயந்த இன்னொரு சுற்றுலாப் பயணி.

நாகவாராவில் ஐந்தாவது மாடி.
ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு
எலும்பு கடத்துவது என் உத்தியோகம்.
கேள்வி பதினான்கு:
காயமுற்றவர் தம் விருப்பத்தின் பேரில்
விலங்கின் முன்னால் சென்றாரா?
ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்.

"உங்க ஜல்லிக்கட்டு மாதிரியா?"
எட்டிப் பார்த்தான் பிரமோத் ஹெக்டே.
இல்லை. அங்கே திமிலைக் குறிவைத்து ஓடுவார்கள்.
இங்கே கொம்புக்கு முதுகு கொடுத்து ஓடுகிறார்கள்.
"ஜெயிச்சா என்ன தருவாங்க?"
ஒன்றும் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

இணைப்பில் இரண்டு பக்கம்,
யாரும் கேட்காத வரலாறு, ஓச்சோவாவின் கையெழுத்தில்.
ஆதியில் அது விழாவே இல்லையாம்.
மாடு ஊருக்கு வெளியே,
சதுக்கம் ஊருக்கு நடுவே,
இடையில் தெரு.
விடியுமுன் மேய்ப்பர்கள்
நீளக் கழியோடு பின்னால் நின்று
கூலிக்கு ஓட்டினார்கள்.
கசாப்புக்காரர்கள் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.
புனிதர் ஃபெர்மினின் திருநாள் அப்போது அக்டோபரில்.
மழை ஒத்துவராமல் ஜூலைக்கு மாற்றினார்கள்.
புனிதரையே நகர்த்தின ஊருக்கு
ஆறு மாடு எம்மாத்திரம்.

அதன் பெயர் என்சியெரோ.
உலகம் அதை ஓட்டம் என்கிறது.
அகராதியில் ஓட்டமே இல்லை:
அடைத்தல், உள்ளே விட்டுப் பூட்டுதல்.
ஆங்கிலத்தில் திணறினேன்; தமிழில் உடனே வந்தது
பட்டியடைப்பு.
படிவத்தில் தமிழுக்குக் கட்டம் கிடையாது.

"பிறகு ஒருநாள்" என்று எழுதி
ஒரு வரி இடம் விட்டிருந்தார் ஓச்சோவா.
பிறகு ஒருநாள்
பின்னால் ஓட வேண்டியவன் எவனோ
முன்னால் ஓடினான்.
பெயர் தெரியாது. ஏன் என்றும் தெரியாது.
தடுத்துப் பார்த்தார்கள். அடுத்த வருடம் நாலு பேர்.

ஐந்தரைக்கு வண்டி. சன்னப்பா
டானரி ரோட்டில் பிரேக் போட்டார்.
லாரியின் பின்கதவு திறந்திருந்தது,
எருமைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
மூன்றாவது, கயிற்றை அறுத்துக்கொண்டு
தெரு நடுவே வந்து நின்றது.
மூச்சில் ஆவி.
பின்னால் மூன்று பேர், கையில் குச்சி,
வாயில் உருதும் ஆற்காட்டுத் தமிழும் கலந்த வசவு.

அந்தப் பையன் டீ ஃபிளாஸ்க்கோடு வந்தான்.
பக்கத்தில் மூடிய சலூனின் படி இருந்தது.
மூன்று படி. ஏறி நின்றிருக்கலாம்.
நான் பார்த்தேன், அவனும் படியைப் பார்த்தான்,
எருமையைப் பார்த்தான்.
"ஒதுங்குடா தஸ்தகீர்!"

செருப்பு இரண்டையும் உதறிவிட்டு
அதற்கு முன்னால் ஓடினான்.
ஃபிளாஸ்க் இடுப்பில் மோத மோத
சிரித்துக்கொண்டா, அலறிக்கொண்டா
கண்ணாடி ஏற்றியிருந்ததால் தெரியவில்லை.
பால் கிரேட்டுகள் சரிந்தன.
பட்டிக் கேட்டுக்குள் அவன் திரும்ப
எருமையும் திரும்பியது,
அவன் இழுத்துப் போனதுபோல,
அது துரத்திப் போனதுபோல.
கேட்டைச் சாத்தினார்கள்.

மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
வாய் நுரையோடு கை தட்டினார்.
எதிர் வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

ஒரு செருப்பு இன்னும் தெருவில் கிடந்தது.
சன்னப்பா அதைச் சுற்றி ஓட்டினார்.

மறுநாள் இரவு அதே கோப்பு.
பெட்டி இரண்டும் காலியாக இருந்தால்
கணினி அடுத்த பக்கம் போக விடாது.
'ஆம்' மேல் ஒரு டிக்.
கீழே குறிப்புக்கான கட்டத்தில் தட்டினேன்:
ஒதுங்கிக்கொள்ள அருகில் படி ஏதும் இருந்ததா,
இருந்தால் எத்தனை,
விசாரிக்கவும்.